சூசை என்னும் பெயர் வந்த வழி

திண்டுக்கல் புனித வளனார் பேராலயத்தை நம் முதியோர் சூசையப்பர் கோயில் என்றே வழங்குவர். பேகம்பூர்ப் பக்கம் சென்றால் யூசுப் என்னும் பெயருடையோரைக் காணலாம். சீர்திருத்த சபையார் இல்லத்துப் பிள்ளை யோசேப்பு. அலுவலகத்திலோ அவரே ஜோசப். வளனார், சூசை, யூசுப், யோசேப்பு, ஜோசப் ஆகிய ஐந்தும் ஒரே பெயர் என்று வகுப்பில் நாம் கூறியபோது மாணவர் நகைத்தனர். ஆயினும் உண்மை அதுவே.

அப்பெயரின் பிறப்பிடம் எபிரேய மொழி. நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய ராகேல், ஒரு மகனைப் பெற்று, இறைவன் இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தருவாராக என்னும் பொருளில் 'யோசேப்' எனப் பெயரிட்டாள். அரபு மொழியில் அது யூசுப் ஆயிற்று. கிரேக்கம், இலத்தீன் வழியாகப் போர்ச்சுகல் நாட்டை அடைந்து ஈற்று மெய்யை இழந்தது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் ஒலித்தவாறு உச்சரிக்கத் தமிழ் நாவுக்கு இயலவில்லை. முதலெழுத்தைச் சகரமாக்கி, ஈற்றில் ஐகாரம் சேர்த்து, நம் முன்னோர் அதனைச் 'சூசை' ஆக்கிக்கொண்டனர். இலக்கணம் அறியாதார் செய்த இலக்கணம் இது!

வேறொரு வழியும் இருந்தது. ஒலியை விடுத்துப் பொருளைப் பெயர்ப்பது அது. வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் காப்பியத் தலைவராகிய சூசையை வளன் என அழைத்தார். கூடுதல், பெருகுதல் என்ற எபிரேயப் பொருள் 'வளம்' என்னும் சொல்லில் தங்கிற்று. இவ்வாறே இறைவன் அருள்கூர்ந்தார் எனப் பொருள்படும் யோவான் அருளப்பர் ஆனார். சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். கிரேக்கத்தில் மணிமுடியைக் குறிக்கும் ஸ்தேவான் முடியப்பர் ஆனார். இது முறையற்ற செயல் எனக் கூறுவார்க்கு விவிலியமே விடை தருகிறது. இயேசு தம் சீடர் சீமோனுக்கு அரமேய மொழியில் 'கேபா', அதாவது பாறை, எனப் பெயரிட்டார். அதனைக் கிரேக்கத்தில் பொருள்பெயர்த்தே 'பேதுரு' என்றனர்.

1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறியது. அது முதல் சீர்திருத்த சபையார் ஒலிவழிப் பெயர்களையே பெரிதும் போற்றி வந்தனர். 1995-இல் இரு சபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியத்தில் யோவான், பேதுரு, பவுல் ஆகியவையே நிலைபெற்றன. ஒற்றுமைக்கு அது வேண்டுவதே. எனினும் அருளப்பரை வணங்கி வளர்ந்த மூதாட்டி ஒருவர், "யோவான் யாரு தம்பி? நம்ம அருளப்பரு எங்க போனாரு?" என வினவியபோது நமக்கு உடனே விடை கூற இயலவில்லை.

கோயிலில் புனிதர் 'அப்பர்' என்றும் 'ஆர்' என்றும் மதிப்புப் பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய நம் தந்தையரோ, வயல் வரப்பில் தம்மினும் இளையோர் வாயால் "அடே சூசை" என்றே அழைக்கப்பட்டனர். பிள்ளைகளுக்கு ஜோசப் எனப் பெயரிட்டதில் அந்த வடுவும் கலந்திருக்கக் கூடும் என்பது நம் கருத்து.

நாம் பணியாற்றிய பள்ளியில் ஒரு மாணவன் ஞானஸ்நானச் சான்றில் சூசை, சேர்க்கைப் பதிவேட்டில் ஜோசப், குடும்ப அட்டையில் வளன். உதவித்தொகை வழங்கும் அலுவலகம் ஒன்றில், இவர்கள் மூவர் எனக் கூறிக் கோப்பைத் திருப்பிவிட்டனர். அவன் தந்தை மும்முறை கூலியை இழந்து நடந்தார். மூன்று பெயரும் ஒருவனையே குறிக்கும் என நாம் இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கையொப்பமிட்டோம். பணம் வந்தபோது ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தது. ஆதலின், சேர்க்கை நாளன்றே எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தில் பெயரைப் பதியுமாறு பெற்றோரை நம் இளைஞர்கள் வற்புறுத்த வேண்டும்.

உச்ச நீதிமன்றம் வரை சென்ற சூசை ஒருவரும் உண்டு. அவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர்; ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறித்தவரானவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த அத்தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடைப்பெட்டி, மதத்தைக் காரணம் காட்டி அவருக்கு மறுக்கப்பட்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து அவர் வழக்காடினார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே கொடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் கூறி, 1985 செப்டம்பர் 30 அன்று மனு தள்ளப்பட்டது. அவ்வாணையில் சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். அவ்வழக்கு சட்ட நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆங்கில எழுத்திலும் அது ஜோசப் ஆகவில்லை. சூசை என்றே அச்சிடப்பட்டுள்ளது.