சிறார் பாலியல் வழக்குகளில் இரகசியக் காப்பின் எல்லை

1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம், கணவன் மனைவி பேச்சுக்கும் (பிரிவு 122) வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறியவற்றுக்கும் (பிரிவு 126) இரகசியக் காப்பு அளித்தது. மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் அக்காப்பு இல்லை. ஆனால், சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற விதியும் அன்று இல்லை.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இதை மாற்றியது. பிரிவு 19 இன்படி, குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். கீழ்ப்பணியாளரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

எனவே, விருத்தாசலத்துப் பள்ளியில் ஒரு குழந்தை நம்பிக்கையோடு சொன்னாலும், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று ஆசிரியர் வாக்களிக்க இயலாது. காக்கவேண்டிய இரகசியம் ஒன்றுண்டு. அது குழந்தையின் அடையாளம்.