புத்தளக் கரையோரமும் புலம்பெயர்வோர் காசநோய்ப் பரிசோதனையும்

1344ஆம் ஆண்டில் இபன் பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' என்னும் ஊர் புத்தளமே என்பர். கற்பிட்டி முதல் வென்னப்புவை வரையான இக்கரையோரம் வருவோரையும் போவோரையும் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளது. அவர்தம் உடலைச் சோதித்த பின்னரே வழிவிடும் வழக்கமோ மிகப் பிற்பட்டதாகும்.

இலங்கையைப் பொறுத்தவரை அவ்வழக்கம் வேரூன்றிய இடங்களுள் ஒன்று மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள மண்டபம் முகாம். தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற்சேவை 1914இல் தொடங்கிய பின்னர், தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் அம்முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. உடைகளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. வாந்திபேதி, பெரியம்மை, பிளேக் ஆகியன நாட்கணக்கில் தம்மை வெளிக்காட்டுவன. ஆதலின் தடுத்து வைத்தலில் ஒரு பொருள் இருந்தது.

காசநோய் அவ்வாறன்று. றொபேட் கோக் 1882 மார்ச் 24இல் அறிவித்த அக்கிருமி உடலுள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கவல்லது. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அத்தொற்றுக்கு உள்ளானோர் எனவும், அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே வாழ்நாளில் நோயாளராவர் எனவும் மதிப்பிடப்படுகிறது. உறங்கும் கிருமியை உடையவர் நோயாளர் அல்லர். பிறர்க்கு அதனைப் பரப்புவதுமில்லை. 1908இல் மான்டூ வகுத்த தோற்பரிசோதனை இத்தொற்றைக் காட்டுமாயினும், பிறந்தவுடன் இடப்படும் பீ.சீ.ஜீ. தடுப்பூசி அதன் முடிவைக் குழப்பக்கூடும். இந்நூற்றாண்டில் பரவலான இரத்தப் பரிசோதனைக்கு அக்குறை இல்லை. எனினும் கிருமி எப்போது விழிக்கும் என்பதை அதுவும் கூறாது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் நெருங்கி வாழ்ந்தனர். காற்றோட்டமற்ற நெருக்கமே காசநோயின் நண்பன் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இம்மாவட்டத்துப் பெண்கள் பலர் வீட்டுப் பணிக்காக வளைகுடா நாடுகளை நாடினர்; தெற்கே வென்னப்புவையார் இத்தாலியை நாடினர்.

வளைகுடா நாடுகள் புறப்படுமுன்னரே மார்பின் எக்ஸ்-கதிர்ப் படத்தை வேண்டுவன. உறங்கும் தொற்று அப்படத்தில் தெரிவதில்லை. தெரிவது பழைய வடு. எனவே முன்னொருகால் நோயுற்று முற்றாகக் குணமடைந்தவர் 'தகுதியற்றவர்' என விலக்கப்பட, கிருமியைச் சுமப்பவர் தடையின்றிக் கப்பலோ விமானமோ ஏறிவிடுகிறார்! காப்பு என்பதிலும் பார்க்க உழைப்பாளரைத் தெரிந்தெடுக்கும் சல்லடை என்றே இதனைக் கருதவேண்டியுள்ளது. மாறாக, இங்கிலாந்து 2015 முதல் நோய் மிகுந்த நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரிடம் மறைநிலைத் தொற்றையே தேடி, கண்டோர்க்கு இலவச மருந்தும் வழங்கலாயிற்று. ஆயின் இலங்கை அத்துணை நோய்மிகுதி உடைய நாடுகளின் வரிசையில் இல்லை.

இலங்கையின் 2013ஆம் ஆண்டுப் புலம்பெயர்வோர் சுகாதாரக் கொள்கை, வருவோர், செல்வோர், உள்நாட்டில் இடம்பெயர்வோர் ஆகியோரோடு, ஊரில் விடப்படும் குடும்பத்தினரையும் கருத்திற் கொண்டது. காசநோய்ச் சிகிச்சையும் இந்நாட்டில் இலவசமே. படத்தில் நோய் காணப்பட்டவர் மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்துண்டு தேறலாம். ஆறிய வடுவை அழிக்கும் மருந்து மட்டும் அங்கும் இல்லை.