பக்கவாசல் வழியே வந்தவர்கள்

ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை யார் எழுதுவது? வழக்கமாக அந்தப் பள்ளிக்கூடமே எழுதிக்கொள்ளும். நூற்றாண்டு மலர் போடும். முதல் பக்கத்தில் ஆயர் படம், அடுத்து மதர் படம், அப்புறம் கட்டடம், அப்புறம் அங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள். அந்தக் கட்டடத்தைக் கூட்டினவள், துணி வெளுத்தவள், சோறு பொங்கினவள் எந்தப் பக்கத்திலும் இருக்கமாட்டாள். சிங்கப்பூர்த் தீவின் பழைய கான்வென்ட் கதையை நான் தேடிப் படித்தது இந்தக் கேள்வியோடுதான்.

1852இல் பிரெஞ்சுக் குரு ழான் மரி பூரேல், விக்டோரியா தெருவிலிருந்த கால்டுவெல் மாளிகையைப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக வாங்கினார். இவர் நம்ம இடையன்குடி கால்டுவெல் அல்ல. மாஜிஸ்திரேட் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். 1854 பிப்ரவரியில் குழந்தை இயேசு சபையைச் சேர்ந்த நான்கு சிஸ்டர்மார் பினாங்குத் தீவிலிருந்து வந்து இறங்கினார்கள். தலைமை மதர் மத்தில்டு ரக்லோ. பத்து நாளைக்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.

தொடங்கும்போதே இரண்டு வகுப்புகள். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்ற கணக்கில் அல்ல. காசு கட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று, அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் ஒன்று. தொடக்க நாட்களில் கட்டணம் கட்டிப் படித்தவர்கள் 14 பேர், விடுதியில் தங்கியவர்கள் 9 பேர், அநாதைகள் 16 பேர். அதாவது, அந்தப் பள்ளிக்கூடத்தில் முதலில் காலெடுத்து வைத்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அநாதைப் பிள்ளைகள். அவர்களையும் ஸ்தாபகர்கள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா?

அந்தப் பிள்ளைகள் வந்த வழியும் வேறு. கட்டணப் பிள்ளைகள் பெரிய கேட் வழியாக வந்தார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட கைக்குழந்தைகளைப் பக்கத்துச் சின்ன வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வறுமை ஒரு காரணம். பெண்ணாய்ப் பிறந்தது ஒரு காரணம். சீனர்களிடம் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் இருந்தது. பிறந்த நேரத்தை வைத்து ஒரு பிள்ளையைத் தள்ளிவைப்பது நமக்குப் புதுசா என்ன? பிறந்த சாதியை வைத்து ஒரு சேரியையே தள்ளிவைத்தவங்க ஊர்லதான நாம இருக்கோம்.

சிஸ்டர்மார் அந்தக் குழந்தைகளை எடுத்தார்கள், வளர்த்தார்கள். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. தெருவில் கிடந்து செத்திருக்க வேண்டிய உயிர்கள் அவை. ஆனால் உயிர் பிழைத்த பிள்ளை என்னவாக வளர்ந்தது என்பதும் வரலாறுதானே? அநாதைப் பெண்களுக்குத் தையல், பூவேலை, சமையல், வீட்டுவேலை கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் தைத்ததையும் பின்னியதையும் விற்ற காசு கான்வென்ட் செலவுக்கும் உதவியது. தர்மத்தில் வளர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களே அந்தத் தர்மத்துக்குப் பாடுபட்டார்கள்.

இது எனக்குத் தெரிந்த கதை. நான் இருந்த போர்டிங்கிலும் (பேர் வேண்டாம்) ரெண்டு பந்தி. பணம் கட்டுன பிள்ளைகளுக்கு ஒண்ணு, ஓசிப் பிள்ளைகளுக்கு ஒண்ணு. லீவு விட்டா அவுங்க வீட்டுக்குப் போவாங்க. நாங்க கேப்பை புடைப்போம், கிணத்தடியில படுதா துவைப்போம். ஓசிப் பிள்ளைகள்ல முக்காவாசிப் பேரு எந்தத் தெருவுலேர்ந்து வந்தோம்னு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பிரித்தது காசும் பெற்றோரும். நம்ம ஊரில் சாதி. ரெண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கோயிலையே கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்துக் கட்டினார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடாரும் மற்றவர்களும் இன்னொரு பக்கம். 1910இல் கௌசானல் சாமியார் தடுப்பை இடித்தார். அதுவரைக்கும் ஒரே பீடம், ஒரே பூசை, நடுவில் சுவர். கட்டியவர்களும் இடித்தவரும் ஒரே சபைக் குருக்கள்தான். சமத்துவம் பேசும் மதம் பிரிவினையோடு எப்படிச் சமாதானம் பண்ணிக்கொள்கிறது என்பதற்குக் கல்லும் சுண்ணாம்புமாக நின்ற சாட்சி அது. சிங்கப்பூரின் இரண்டு வகுப்புகளையும் அந்தச் சாட்சிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் அந்தக் கான்வென்ட் என்ன ஆனது? 1904இல் பெரிய சிற்றாலயம் எழும்பியது. வரைபடம் போட்டவர் நேன் சாமியார். வண்ணக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது, செய்தவர் பெயர் வரைக்கும் பதிவாகியிருக்கிறது. தூண்களின் தலைப்பில் 648 சிற்ப வேலைப்பாடு என்று எண்ணிக்கூட வைத்திருக்கிறார்கள். 1983இல் பள்ளிக்கூடம் தோ பாயோவுக்குப் போனது. மாளிகையும் ஆலயமும் 1990இல் தேசிய நினைவுச் சின்னம் ஆயின. 1996இல் அந்த வளாகம் 'சைம்ஸ்' என்ற பெயரில் சாப்பாட்டுக் கடைகளும் மதுக்கடைகளுமாகத் திறந்தது. 2018இல் வந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் பணக்காரக் கல்யாணம் நடப்பது அந்த ஆலயத்தில்தான். பக்கவாசலுக்கு 'நம்பிக்கை வாசல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அதன் முன்னால் நின்று பார்த்தேன். சின்ன வாசல்தான். அந்த வழியாக உள்ளே போன ஒரு பிள்ளையின் பெயர்கூட அங்கே எனக்குக் கண்ணில் படவில்லை. தூணின் தலையை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகளின் தலையை எண்ணத் தோன்றவில்லை.

தோழர்களே, தோழியரே, ஊர் ஊருக்குக் கான்வென்ட் போர்டிங்குகளில் ஓசியில் வளர்ந்த நம்ம பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயாவாக, நர்சாக, டீச்சராக, கூலியாக. அவர்களிடம் போய் உட்காருங்கள். என்ன சாப்பிட்டாய், என்ன வேலை செய்தாய், உனக்குப் பேர் வைத்தது யார், வெளியே வந்த பிறகு யார் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அவுங்க சொல்றத அவுங்க பேச்சிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த நூற்றாண்டு மலர் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அது நம்ம கையில் இருக்கணும்.