எறும்புப் புற்றுக்குள் ஒரு வண்டு



ஸுலைமான் நபி (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தை எச்சரித்த எறும்பின் கதையை வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் கேட்டான்: “சேர், புத்துக்குள்ள எறும்பு மட்டுமா இருக்கும்?”

பதில் குஜராத்தில் இருக்கிறது. முன்பு ஹஜ் கப்பல்கள் புறப்பட்ட சூரத் துறைமுகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் உண்டு. கரியோடு அம்பர் துண்டுகளும் வெளிவந்தன. அத்தர்க் கடை அம்பர் அல்ல. மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் புதைந்து இறுகியது. வயது சுமார் 5 கோடி 20 இலட்சம் ஆண்டுகள். பிசின் தந்த மரங்கள், நம் சிங்கராஜக் காட்டில் இன்றும் நிற்கும் ஹொர மரத்தின் குடும்பம்.

பிசினில் அகப்பட்ட பூச்சிகளில் ஒன்று மிகச் சிறிய வண்டு. ஜோசப் பார்க்கர், டேவிட் கிரிமால்டி என்ற ஆய்வாளர்கள் 2014 இல் அதற்குப் ‘புரோட்டோகிளாவிகர்’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பேரினம் இன்று உலகில் இல்லை.

அதன் இன்றைய உறவுக்கார வண்டுகள் எறும்புப் புற்றிலேயே சீவிக்கின்றன. உடம்பிலுள்ள மயிர்க்கற்றையில் ஊறும் சுரப்பை எறும்புகள் நக்கும். தம் இனமென்று ஏமாந்து வாயோடு வாய் வைத்து உணவும் ஊட்டும். வண்டோ எறும்பின் முட்டையையும் குடம்பியையும் தின்னும்.

குஜராத் வண்டிலும் அந்த மயிர்க்கற்றை உண்டு. ஆனால் இன்றைய வண்டுகளில் ஒன்றாக ஒட்டிப்போன வயிற்றுத் தகடுகள் இதில் தனித்தனியாகவே இருக்கின்றன. எறும்புகளே இன்றுபோல் பெருகாத காலத்தில், இந்த உறவு தொடங்கியபோதிருந்த உடம்பு அது.

“எங்கட கல்லுக்குள்ளயும் வண்டு இருக்குமா?” என்றான் இன்னொருவன். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலடியில் படிந்தது. அதில் தேட வேண்டியது சிப்பியும் கடலுயிர்களின் ஓடுகளும்தான்.

சுரங்கத்துக்கு வேண்டியது கரி. அம்பரை ஒருவர் பொறுக்கி வைத்ததால்தான் வண்டின் வரலாறு கிடைத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களால் அதிகம் எடுத்துச் செல்ல முடியவில்லை. மிஞ்சியது கொஞ்சம். பழைய நிக்காஹ் பதிவு, காணி உறுதி, ஒரு படம் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து வைப்போம். கிணறு வெட்டும்போது கல்லில் சிப்பி கண்டால் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.