பாலர் சபையும் ஔவை தி. க. சண்முகமும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி கலை பயின்ற காலத்தைக் கணக்கிட்டே கூறுகின்றது. ஐந்தாம் அகவையில் பயிலத் தொடங்கிய அவள், ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறினாள் என்பது அக்காதையால் பெறப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் தோன்றிய பாலர் நாடக சபைகளிலும் சிறுவர்கள் ஏறத்தாழ அதே அகவையில் கலை பயிலப் புகுந்தனர். ஆயினும் இரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. மாதவியின் கலை வாழ்வு தொடங்கிய அகவையை ஒட்டியே பாலர் சபைச் சிறுவனின் கலை வாழ்வு முடிவை நெருங்கிற்று. அவன் குரல் உடையும் பருவம் அது. நாடக மேடையினர் அதனை ‘மகரக்கட்டு’ என்று வழங்கினர்.

பாலர் சபைகள் கலைக்கூடங்களா, சிறுவர்களின் உழைப்பைக் கொண்டு பொருளீட்டிய நிலையங்களா என்னும் வினாவிற்கு, மகரக்கட்டுக்குப் பின்னர் அச்சிறுவர்கள் என்னவாயினர் என்று ஆராய்வதே தக்க விடை தருவதாகும். அப்பருவத்தைக் கடந்து நின்ற ஒருவரின் வாழ்க்கையை அந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சபையின் தோற்றம்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலில் வளர்ந்த நடிகர்களைக் கொண்டே நாடகங்களை நடத்தி வந்தார். அந்நடிகர்களிற் பலர் எழுதிய பாடத்தை விடுத்து, மேடையில் தம் மனம் போனவாறு பாடியும் வாதிட்டும் வந்தனர். ஒழுங்கிற்கு அவர்கள் கட்டுப்படவில்லை. ஆசிரியர் சொல்லுக்கு அடங்கி நடப்போர் சிறுவரே என்று சுவாமிகள் தெளிந்தார். 1918-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு அவர் ஆசிரியரானார். ஜெகந்நாத ஐயரின் பாலமீன ரஞ்சனி சங்கீத சபா, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி முதலியனவும் இவ்வகையினவே. நவாப் இராசமாணிக்கம், பி. யு. சின்னப்பா, எம். ஜி. இராமச்சந்திரன், எம். ஆர். இராதா, சிவாஜி கணேசன் முதலியோர் பிற்காலத்தில் எய்திய சிறப்பிற்கெல்லாம் இத்தகைய சபைகளே வித்திட்டன.

1912 ஏப்பிரல் 26-ஆம் நாள் திருவனந்தபுரத்திற் பிறந்த தி. க. சண்முகம், தம் ஆறாம் அகவையில் மதுரைச் சபையிற் சேர்ந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடத்திற் பெயர் பெற்ற நடிகர். தமையன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோரும், பின்னர் இளவல் பகவதியும் இக்கலையையே மேற்கொண்டனர். சிறுவன் சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவர் நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் இயற்றினார் என்பது நாடக உலகில் நிலைபெற்ற செய்தி. பேராசிரியர் ஒருவர் ஒரு சிறுவனை மனத்திற்கொண்டு முழு நாடகம் யாத்தார் என்னும்போது, அச்சபையில் சிறுவர்க்கிருந்த மதிப்பு புலனாகும்.

குரலே முதல்

ஆயின் அம்மதிப்பு எதன்மேல் நின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகை. நள்ளிரவைக் கடந்தும் நீளும் நாடகம். கதையைப் பாட்டே நடத்திச் செல்லும் அமைப்பு. இவற்றுள் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் எட்டுமாறு உச்சக் குரலிற் பாடவல்லவனே இராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் உரியவன். மீசை அரும்பாத முகமும் உடையாத குரலும் பெண் வேடத்திற்கு இன்றியமையாதன. எனவே சபை முதலாளிக்குச் சிறுவனின் குரலே முதற்பொருள். பெற்றோரிடம் இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம் பேசிப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொள்வதும், சம்பளம் பெற்றோர்க்கே சேர்வதும், கம்பெனி வீட்டை விட்டுப் பிள்ளைகள் தனியே வெளிச்செல்லாதவாறு காப்பதும் அம்முதற்பொருளைக் காக்கும் வழிகளாக அமைந்தன. உணவும் உறையுளும் உறுதி. பாடமும் பாட்டும் உண்டு. பள்ளிக்கல்வியும் தாய்மடியும் இல்லை.

முதற்பொருள் கெட்டால் வாணிகம் நில்லாது. குரல் உடைந்த சிறுவன் சிறு வேடங்களுக்கு இறங்கினான். திரைக்குப் பின்னே எடுபிடி வேலைக்குச் சென்றான். அன்றேல் ஊர் திரும்பினான். அவன் இடத்திற்கு மற்றொரு சிறுவன் வந்தான். பன்னிரண்டு, பதின்மூன்று அகவையளவும் வேறு தொழில் கல்லாத அவனுக்கு ஊரிற் காத்திருந்தது யாது? இவ்வினாவை அக்கால நாடக விளம்பரங்கள் எழுப்பவில்லை.

கடந்த வழி

சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். 1925-இல் தி. க. சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். அப்பொழுது சண்முகத்தின் அகவை பதின்மூன்று. பெரும்பாலான சிறுவர்கள் சபையிலிருந்து விலக்கப்படும் அகவையில் அவர் சபைக்கு உரிமையுடையவர்களுள் ஒருவரானார். இந்நிகழ்ச்சியை அவர்தம் வாழ்க்கையின் திருப்புமுனை எனலாம். குரல் மாறினாலும் அவரை வெளியேற்றுவார் இலர். நால்வர் உடன்பிறந்தாராதலின், ஒருவர் தளருங்கால் மற்றவர் தாங்கும் வாய்ப்பும் இருந்தது. ஆற்றல் ஒன்றே அவரைக் காத்தது என்று கூறுவார் இதனை மறந்தவராவர். அவரினும் இனிய குரலுடைய சிறுவர் பலர்க்கு இவ்வாய்ப்பு வாய்த்திலது.

இரண்டாவது காரணம் நாடகத்தின் இயல்பு மாறியமையாகும். எம். கந்தசாமி முதலியார், ஜே. ஆர். இரங்கராஜுவின் புதினங்களை நாடகமாக்கிச் சகோதரர்களின் சபைக்குப் பயிற்றுவித்தார். சமூக நாடகத்தில் உரையாடலே உயிர். பாட்டின் ஆட்சி குறையவே, உடைந்த குரலுக்கும் மேடையில் இடம் பிறந்தது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’, ‘தேசபக்தி’ என்னும் பெயரில் இச்சபையால் நடிக்கப்பெற்று விடுதலை வேட்கையை வளர்த்தது. ‘மேனகா’ நாடகம் 1935-இலும் ‘குமாஸ்தாவின் பெண்’ 1941-இலும் திரைப்படங்களாயின. பாலர் சபை என்னும் பெயரோடு தோன்றிய அமைப்பு, தன் நடிகர்களோடு தானும் வளர்ந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பிற சபைகள் ஆண்டுதோறும் சிறுவரை மாற்றித் தாம் மாறாதிருந்தன. இச்சபை தன் சிறுவர்க்கேற்ப நாடகத்தை மாற்றிக்கொண்டது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம் ஆகியோர் இங்கு வளர்ந்து தமக்கென வழி வகுத்துக் கொண்டமை இதற்குச் சான்றாகும்.

1942-இல் அரங்கேறிய ‘ஔவையார்’ இவ்வளர்ச்சியின் முடி எனத் தகும். முப்பது அகவை ஆடவர் ஒருவர் நரை மூதாட்டியாக நடித்து, அவ்வேடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னே பெற்றார். பாலர் சபைப் பெண் வேடம் இளமையையும் உச்சக் குரலையும் வேண்டியது. ஔவை வேடம் இரண்டையும் வேண்டவில்லை. நடையும் நோக்கும் சொல்லின் தெளிவுமே அதற்கு வேண்டுவன. பிள்ளைப் பருவத்திற் பெற்ற பயிற்சியைக் கைவிடாமல், பிள்ளைப் பருவத்தின் எல்லையை மட்டும் நீக்கிய வேடம் அது. 1955-இல் அரங்கேறிய அரு. இராமநாதனின் ‘இராசராச சோழன்’ நாடகத்தில் பகவதி சோழனாக நடித்தார். குழந்தை நட்சத்திரமாகப் புகழ் பெற்றவர் தலைமை வேடத்தை இளவலுக்குத் தந்தது, கூட்டுக் கலையின் பண்பு உணர்ந்தமையால் ஆகும்.

முடிபு

1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை வளர்ச்சிக்கென மாநாடு கூட்டியதிலும் சகோதரர்களின் முயற்சி முதன்மையானது. 1972-இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில் சண்முகம் தம் இளமைக்கால மேடை வரலாற்றை விரித்துரைத்தார். 1973 பெப்ருவரி 15-ஆம் நாள் அவர் மறைந்தார். சிறுவராக அவர் சபையிற் சேர்ந்து பயின்ற கமல்ஹாசன், 1996-இல் தாம் பெண் வேடம் பூண்ட திரைப்படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ எனப் பெயரிட்டமை மாணவர் மரபு தொடர்ந்ததைக் காட்டும்.

அந்நூல் பாலர் சபை வரலாற்றிற்குத் தலையாய சான்று என்பதில் ஐயமில்லை. எனினும், அது கரை சேர்ந்தவர் எழுதிய நூல். ஆசிரியர்பால் குன்றாத அன்புடையவர் எழுதிய நூல். குரல் உடைந்து ஊர் திரும்பிய சிறுவர்கள் நூல் எழுதினாரல்லர். புகழ் பெற்ற சிலர் பெயர்களை அடுக்கிப் பாலர் சபைகளைக் குருகுலங்கள் என்று மட்டும் போற்றுவது, நெல்லை மட்டும் அளந்து விளைச்சல் முழுமையும் கூறுவது போலாகும். பதரும் அந்நிலத்து விளைவே. சண்முகத்தின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குங்கால், அவரைக் காத்தவை இரண்டு என்பது தெளிவாகின்றது. ஒன்று சுவாமிகள் தந்த பயிற்சி; அது சபைச் சிறுவர் அனைவர்க்கும் கிடைத்தது. மற்றொன்று தொழிலின்மேற் பெற்ற உரிமை. அது மிகச் சிலர்க்கே கிடைத்தது. முன்னதைப் பெற்றும் பின்னது இன்மையால் மறைந்தவர்களின் பெயர்களை, பழைய நாடக அறிவிப்புத் தாள்களினின்றும் ஒப்பந்தச் சீட்டுகளினின்றும் தேடித் தொகுப்பது தமிழ் நாடக வரலாற்றாய்வாளர் மேற்கொள்ள வேண்டிய அடுத்த பணியாகும்.