சந்தனத்தை வெட்டியவர் சிறையில், வாங்கியவர் எங்கே?

வீரப்பன் என்றதும் நம் நினைவுக்கு வருவது அந்த மீசைதான். 2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி அப்படியே இருக்கிறது. அத்தனை சந்தனத்தையும் தந்தத்தையும் வாங்கியவர்கள் யார்?

துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் காட்டில் காலம் தள்ள முடியாது. அரிசி வேண்டும், தோட்டா வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் எப்படி உருவானது?

1792இல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளும் அந்த உரிமையை விடவில்லை. சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்த சந்தன மரத்தைக்கூட விவசாயி விற்க முடியாது. 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தும்வரை இதுதான் நிலை. நேர்வழி அடைபட்ட இடத்தில் கள்ளச்சந்தை கொழுத்தது.

அந்தச் சந்தையில் கோடரி பிடித்தவருக்குக் கிடைத்தது கூலி. லாபம் மலையிறங்கிப் போனது. கட்டைகளை ஏற்றிய லாரி சோதனைச் சாவடிகளைத் தாண்டியது எப்படி என்று கேட்டாலே பாதி வரலாறு தெரிந்துவிடும்.

தண்டனையோ மலையிலேயே இருந்தவர்கள் மீது விழுந்தது. வீரப்பனைத் தேடிய கூட்டு அதிரடிப்படை, மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க்‌ஷாப்' என்று அழைக்கப்பட்ட முகாமில் கிராமத்து மக்களுக்கு மின்சாரம் பாய்ச்சியது. சதாசிவா குழு விசாரித்த பிறகு, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

இன்னொரு பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். தீர்ப்பு வரும் முன்பே 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே அப்பாவி ஊர்மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது.

31 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி அந்தப் பெண்கள் பெற்ற வாக்கியம் அது.

தோழர்களே, இனி எங்காவது 'கடத்தல் கும்பல் பிடிபட்டது' என்ற செய்தியைப் படித்தால், படத்தில் குந்தவைக்கப்பட்டிருப்பவர்கள் யாரென்று பாருங்கள். பிறகு, படத்தில் இல்லாதவர்கள் யாரென்று கேளுங்கள்.