தலையில் விழும் அடி

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை. எங்கள் பங்கில் அன்பியக் கூட்டம் நிறைவுற்றுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஹமாஸ் இயக்கத் தலைவர் யாஹ்யா சின்வார் காசாவில் கொல்லப்பட்ட செய்தியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. வாழ்நாளெல்லாம் வயலில் உழைத்த பெரியவர் ஒருவர், "சாமி, பாம்பை அடிக்கிறவன் வாலிலா அடிப்பான்? தலையில்தானே அடிக்கணும்!" என்றார். அருகில் நின்ற அவருடைய மருமகள் தயங்கித் தயங்கி, "சரிதான் மாமா. அந்தப் பாம்பு யார் வீட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்குன்னு பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார்.

இருவருக்கும் அன்று நான் விடை கூறவில்லை. இருவர் சொல்லிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. பின்னர் இது குறித்த வரலாற்றை ஓரளவு படித்துப் பார்த்தேன். ஓர் இயக்கத்தின் தலைவரை இனங்கண்டு, தேடிச் சென்று கொல்வதை அரசுகள் ஒரு கொள்கையாகவே கைக்கொள்ளும் நிகழ்வு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் அரை நூற்றாண்டுக் கதையை, இஸ்ரயேல் - பாலஸ்தீனப் பூசலின் பின்னணியில் மட்டும் நின்று, இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முனிச் நகரின் குருதி

1972 செப்டம்பர் 5. ஜெர்மனியின் முனிச் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தன. 'கறுப்பு செப்டம்பர்' எனும் பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் வீரர்களின் குடியிருப்பினுள் புகுந்தனர். இருவர் அங்கேயே கொல்லப்பட்டனர். பிணையாகப் பிடிக்கப்பட்ட ஒன்பது பேர் விமானத் தளத்தில் நடைபெற்ற மீட்பு முயற்சியின்போது மாண்டனர். விளையாட வந்த பதினோரு இஸ்ரயேலர் சவப்பெட்டிகளில் வீடு திரும்பினர். ஜெர்மானியக் காவலர் ஒருவரும் உயிரிழந்தார். உயிரோடு பிடிபட்ட மூன்று குற்றவாளிகள் எவ்வித வழக்கு விசாரணையையும் சந்திக்கவில்லை. அக்டோபர் இறுதியில் ஒரு விமானம் கடத்தப்பட்டபோது மேற்கு ஜெர்மனி அவர்களை விடுவித்துவிட்டது. நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் பழிவாங்கும் உணர்வு வேர்கொள்வது இயல்பு. அவ்வீரர்களின் மனைவியரும் பிள்ளைகளும் சிந்திய கண்ணீரை மறந்துவிட்டு இக்கதையைத் தொடர நமக்கு உரிமையில்லை.

பிரதமர் கோல்டா மேயரின் ஒப்புதலோடு இஸ்ரயேலின் உளவு நிறுவனமான மொசாட் களமிறங்கியது. 1972 அக்டோபர் 16-ஆம் நாள், உரோமை நகரில் தம் குடியிருப்பின் வாயிலில் வாயில் ஸ்வைதர் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மொழிபெயர்ப்பாளர், ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டிருந்தவர். முனிச் கொலைகளோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா என்பது இன்றளவும் ஐயத்திற்குரியதாகவே இருக்கின்றது.

ஆள் மாறிய கொலை

ஆனால், ஐயத்திற்கே இடமில்லாத ஒரு தவறு அடுத்த ஆண்டில் நேர்ந்தது. முனிச் தாக்குதலின் மூளை எனக் கருதப்பட்ட அலி ஹசன் சலாமே என்பவர் நார்வே நாட்டின் லில்லேஹாமர் எனும் சிற்றூரில் இருப்பதாக உளவாளிகள் நம்பினர். 1973 ஜூலை 21 இரவில், திரைப்படம் பார்த்துவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கித் தம் மனைவியோடு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த ஒருவரை அவர்கள் சுட்டு வீழ்த்தினர். மாண்டவர் சலாமே அல்லர். உணவு விடுதியில் பரிமாறிப் பிழைத்துவந்த மொராக்கோ நாட்டவரான அகமது பூஷிகி. உடன் நடந்த அவருடைய மனைவி அப்போது கருவுற்றிருந்தார்.

நார்வே காவல்துறை ஆறு பேரைக் கைது செய்தது, ஐவர் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் 1975-க்குள் அனைவரும் விடுதலையாகிவிட்டனர். 1996-இல் இஸ்ரயேல் அக்குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கியது; பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. தந்தையின் முகத்தை ஒருநாளும் காணாமலே பிறந்து வளர்ந்த குழந்தைக்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த விடை அவ்வளவே.

இக்கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. அகமதுவின் உடன்பிறந்தவரான சீக்கோ பூஷிகி உலகறிந்த இசைக்கலைஞர். ஓஸ்லோ அமைதி உடன்படிக்கையின் முதலாண்டு நிறைவையொட்டி, யாசர் அராபத், ஷிமோன் பெரஸ் ஆகிய இருவர் முன்னிலையிலும் அவர் கித்தார் இசைத்தார். தம் அண்ணனைக் கொன்ற நாட்டின் தலைவர் எதிரில் அமர்ந்திருக்க, அதே நார்வே மண்ணை நினைவூட்டும் நாளில் அமைதிக்காக இசைக்கும் மனம் எளிதில் வாய்ப்பதன்று.

தேடப்பட்ட சலாமேயை 1979 ஜனவரி 22 அன்று பெய்ரூட் நகரில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த காரில் வைத்த குண்டு கொன்றது. அவரோடு மெய்க்காவலர் நால்வரும் மாண்டனர். அவ்வழியே சென்றுகொண்டிருந்த வேறு நால்வரும் மாண்டனர். அவருள் ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் அருட்சகோதரியும் இருந்தார். முனிச் நகருக்கும் அந்தச் சகோதரிக்கும் என்ன தொடர்பு? அந்நேரத்தில் அத்தெருவில் இருந்தார் என்பது மட்டுமே.

தலைக்குப் பின் தலை

தலைவர் வீழ்ந்தால் இயக்கம் சாயும் என்பதே இக்கொள்கையின் அடிப்படை நம்பிக்கை. சிறிய குழுக்கள் சில அவ்வாறு சிதைந்ததுண்டு. திட்டமிடப்பட்ட தாக்குதல்கள் சில தடுக்கப்பட்டதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மக்களிடையே வேரூன்றிய இயக்கங்களில் நடந்தது வேறு.

1992 பிப்ரவரி 16-ஆம் நாள் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத் தலைவர் அப்பாஸ் முசாவியை இஸ்ரயேலின் ஹெலிகாப்டர்கள் தாக்கிக் கொன்றன. அவருடைய மனைவியும் சின்னஞ்சிறு மகனும் அவருடன் மாண்டனர். அவர் இடத்திற்கு வந்தவர் முப்பத்தொரு வயதே நிரம்பிய ஹசன் நஸ்ரல்லா. முன்னவரைவிடப் பன்மடங்கு திறன் வாய்ந்த அவர், 2024 செப்டம்பர் 27-இல் கொல்லப்படும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் அவ்வியக்கத்தை வழிநடத்தினார். முசாவி கொல்லப்பட்ட ஒரே மாதத்தில், கடல்கள் கடந்து, அர்ஜென்டினாவின் தலைநகரில் இஸ்ரயேல் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எதிரே இருந்த ஆலயத்தின் கத்தோலிக்கக் குரு ஒருவரும் அவர்களுள் அடங்குவார்.

தற்கொலைக் குண்டுகளைச் செய்து தந்தமையால் 'பொறியாளர்' என அழைக்கப்பட்ட யாஹ்யா அய்யாஷ் 1996 ஜனவரி 5 அன்று, கைப்பேசிக்குள் மறைக்கப்பட்ட குண்டு காதருகே வெடித்து மாண்டார். அக்குறி தவறவில்லை, அருகில் இருந்த எவரும் சாகவில்லை. ஆனால் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும், பத்து நாள்களுக்குள், எருசலேம் முதலான நகரங்களில் பேருந்துகளிலும் தெருக்களிலும் குண்டுகள் வெடித்துச் சுமார் 60 பேர் மாண்டனர். வேலைக்குச் சென்றோரும் மாணவரும் அவர்களுள் இருந்தனர். பழிக்குப் பழி என்றனர் கொன்றவர்கள். அய்யாஷ் உயிரோடிருந்திருந்தால் அவை நிகழ்ந்திரா என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் அவர் மறைந்ததால் அவை நிற்கவில்லை என்பது உறுதி.

ஒரு டன் குண்டு

2002 ஜூலை 22 நள்ளிரவு. ஹமாஸ் ஆயுதப் பிரிவின் தலைவர் சலா ஷெஹாதேயின் வீட்டின்மீது இஸ்ரயேல் போர்விமானம் ஒரு டன் எடையுள்ள குண்டை வீசியது. காசா நகரில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பகுதி அது. ஷெஹாதேயோடு அவர் மனைவி, மகள், உதவியாளர், அண்டை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எனப் பதினான்கு அல்லது பதினைந்து பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இஸ்ரயேலில் மடிவதற்குக் காரணமானவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஷெஹாதே. அவர் அருகில் உறங்கிய குழந்தைகள்மீது என்ன குற்றச்சாட்டு?

குண்டை விடுவிக்கும்போது விமானி என்ன உணர்கிறார் என்று விமானப்படைத் தளபதி டான் ஹாலுட்ஸிடம் செய்தியாளர் வினவினார். விமானத்தின் இறக்கையில் இலேசான அதிர்வை உணர்வதாகவும், அது நொடியில் மறைந்துவிடுவதாகவும் அவர் விடை கூறினார். இஸ்ரயேல் மக்களில் பலரையே அவ்விடை உலுக்கியது. 2003 செப்டம்பரில் இருபத்தேழு விமானிகள், குடியிருப்புப் பகுதிகள்மீது இத்தகைய தாக்குதல்களை நடத்த மாட்டோம் என்று கையெழுத்திட்டு அறிவித்தனர். அவர்களுள் பலர் துரோகிகள் எனப் பழிக்கப்பட்டனர். 2008-இல் அமைக்கப்பட்டு 2011-இல் அறிக்கை அளித்த விசாரணைக் குழு, விளைந்த சேதம் அளவை மீறியது என்று ஒப்புக்கொண்டது. எனினும் அது உளவுத் தகவலின் குறைபாடே அன்றிக் குற்றமன்று என்றும் முடிவு கூறியது.

இடையில் ஒன்று நிகழ்ந்தது. 2003 செப்டம்பரில் ஹமாஸ் தலைவர்கள் ஒரே வீட்டில் கூடியிருந்தபோது, அக்கம்பக்கத்தார் மாளக்கூடாதென்று சிறிய குண்டு வீசப்பட்டது, தலைவர்கள் தப்பினர். படைத்தலைமை அந்த ஒரு நாளாவது தொட்டிலை எண்ணிப் பார்த்தது. அடுத்த ஆண்டு மார்ச் 22-இல், தள்ளுநாற்காலியில் தொழுகை முடித்துத் திரும்பிய ஷேக் அகமது யாசினும், ஏப்ரல் 17-இல் அவருக்கு அடுத்து வந்த அப்துல் அசீஸ் ரந்திசியும் கொல்லப்பட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 13 அன்று, முகமது தெய்ஃப் என்பவரைக் குறிவைத்து அல் மவாசி பகுதியில் நடந்த தாக்குதலில் 90 பேர் மாண்டதாகக் காசா சுகாதாரத்துறை தெரிவித்தது. அகதிகள் தஞ்சம் புகலாம் என இஸ்ரயேலே அறிவித்திருந்த பகுதி அது. ஒரு தலைக்கு எத்தனை உயிர் என்னும் கணக்கு எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது!

தீர்ப்பு எங்கே?

2006 டிசம்பரில் இஸ்ரயேல் உச்ச நீதிமன்றம், நீதிபதி அகரோன் பராக் எழுதிய தீர்ப்பில், இக்கொள்கையை முற்றாகத் தடைசெய்யவுமில்லை, முற்றாக அனுமதிக்கவுமில்லை. உறுதியான சான்று வேண்டும். கைது செய்ய இயலுமானால் கொல்லலாகாது. அப்பாவிகளுக்கு நேரும் இழப்பு அளவை மீறலாகாது. பின்னர் சார்பற்ற விசாரணை நடைபெற வேண்டும் என வரையறுத்தது. தாக்குதலில் எண்ணமும் அளவும் நோக்கப்பட வேண்டும் எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றிக் கற்பித்ததை இவ்வரையறைகள் நினைவூட்டுகின்றன.

திருச்சபை வரலாற்றிலும் இதையொத்த ஒரு நிகழ்வு உண்டு. 1407-இல் பர்கண்டி கோமகன் அச்சமற்ற ஜான், தம் எதிரியான ஓர்லியான் கோமகனைப் பாரிஸ் தெருவில் ஆளனுப்பிக் கொன்றார். கொடுங்கோலனைக் கொல்வது கடமையே என இறையியலாளர் ழான் பெத்தி அதற்கு நியாயம் கற்பித்தார். நீதிபதியின் தீர்ப்புக்குக் காத்திராமல், சூழ்ச்சியாலும் எவரும் கொல்லலாம் என்னும் கருத்தை 1415-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் கண்டித்தது. 1419-இல் அதே ஜான், சமாதானம் பேசச் சென்ற பாலத்தின்மீது வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மகன் ஆங்கிலேயரோடு சேர்ந்தார். பிரான்ஸ் மேலும் பிளவுண்டது. போர்க்களத்தில் எதிரியைத் தாக்குவதும் இதுவும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் தீர்ப்பில்லாத கொலை தன்னோடு முடிவதில்லை என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

மக்கள் அனைவருக்காகவும் ஒரு மனிதன் சாவது நலம் என்று கயபா வாதிட்டதையும் நாம் அறிவோம். அரசியல் கணக்காக அது எவ்வளவு நேர்த்தியானது! அக்கணக்கில் விடுபட்டது, அந்த ஒருவரும் ஒரு தாயின் மகன் என்பது.

அந்தப் பெரியவரை மீண்டும் சந்திக்கையில் நான் கூற எண்ணியிருப்பது இதுவே: ஐயா, கொலைஞனைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு, உங்கள் அச்சமும் நியாயமானதே. ஆனால் மனிதர் பாம்பல்லர். பாம்பென்று சொல்லிப் பழகிய நாளிலிருந்துதான் தொட்டில் நம் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. உங்கள் மருமகள் அதைக் கண்டார். லில்லேஹாமரின் பேருந்து நிறுத்தத்திலும் பெய்ரூட்டின் தெருவிலும் எருசலேமின் பேருந்துகளிலும் காசாவின் ஒட்டிய வீடுகளிலும் மாண்டவர்களின் பெயர்களை ஒருசேரச் சொல்லி மன்றாடும் துணிவு நம் செபங்களுக்கு வரவேண்டும். அவர்களுள் ஒரு சாராரை மட்டும் எண்ணிக்கொண்டு பீடத்தின்முன் நிற்க என்னால் இயலவில்லை.